ரிலே: பேசாத காவல்காரன்



மழை பெய்யுற ராத்திரியில் "டப்"புனு கரண்ட் போனா நாம என்ன சொல்வோம்? "ஈ.பி.காரங்க நிறுத்திட்டாங்கப்பா!" என்போம். ஆனால் பல நேரங்களில் அங்கே எந்த மனிதரும் சுவிட்சைத் தொட்டிருக்கவே மாட்டார். எங்கேயோ ஒரு தென்னை மட்டை கம்பி மேல விழுந்திருக்கும். அல்லது இன்சுலேட்டர் வெடிச்சிருக்கும். துணை மின் நிலையத்தில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டி அதைக் கண்டுபிடிச்சு, ஆபத்து பெருசாகுறதுக்குள்ள அந்த லைனைத் துண்டிச்சிருக்கும். அந்தப் பெட்டியின் பெயர்தான் பாதுகாப்பு ரிலே.

மின் இயந்திரங்களும் சாதனங்களும் பாடப்பிரிவில் படிக்கிற எங்களுக்கு ரிலே ஒரு பாடம். ஆனால் பாடப் புத்தகத்தில் ரிலே எப்படி வேலை செய்யுதுன்னுதான் அதிகம் இருக்கும். அதை எப்படித் தூக்கணும், எங்கே வைக்கணும், எப்படி மாட்டணும் என்பதெல்லாம் சாதாரண விஷயம்தானேன்னு தோணும். உண்மையில் அங்கேதான் பெரிய ஆபத்து ஒளிஞ்சிருக்கு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ரிலே என்றால் என்ன?

ஒரு மனிதனைப் போல நினைச்சுக்கோங்க. கண் பார்க்குது, மூளை முடிவெடுக்குது, கை வேலை செய்யுது. மின் நிலையத்தில் கண் என்பது சி.டி. எனப்படும் கரண்ட் டிரான்ஸ்பார்மர். லைனில் போகிற 400 ஆம்பியரை அப்படியே பெட்டிக்குள்ள கொண்டுவர முடியாது. அதை 1 ஆம்பியராகவோ 5 ஆம்பியராகவோ குறைச்சுக் காட்டுறதுதான் சி.டி.யின் வேலை. மூளை என்பது ரிலே. கை என்பது சர்க்யூட் பிரேக்கர். ரிலே உத்தரவு போட்டதும் பிரேக்கர் லைனைத் துண்டிக்கும். ஊரே இருட்டானாலும் இந்த உத்தரவு போய்ச் சேரணும் இல்லையா? அதுக்காகவே மின் நிலையத்தில் தனியா ஒரு பேட்டரி அறை இருக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம்? பத்தாம் வகுப்பில் படிச்ச ஜூல் விதியை ஞாபகப்படுத்திக்கோங்க. வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்னோட்டம் 10 மடங்கு ஆனா, வெப்பம் 10 மடங்கு ஆகாது, 100 மடங்கு ஆகும்! அதனால்தான் 400 கிலோவோல்ட் லைனில் ஃபால்ட் வந்தா 100 மில்லி விநாடிக்குள் துண்டிக்கணும் என்று நம் நாட்டில் விதியே இருக்கு. நாம ஒரு தடவை கண் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

பழைய ரிலேயும் புது ரிலேயும்

பழைய ரிலேக்களில் ஒரு அலுமினியத் தட்டு இருக்கும். வீட்டில் முன்பு இருந்த கரண்ட் மீட்டரில் ஒரு தட்டு சுத்துமே, அதே தத்துவம்தான். மின்னோட்டம் அளவுக்கு மேல போனா தட்டு சுழன்று ஒரு தொடுமுனையைத் தொடும். ஓட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகச் சுழலும். வழக்கமான வகையில், முழு நேர அளவில் வைத்திருந்தால், வைத்த அளவைப் போல 2 மடங்கு ஓட்டத்துக்கு சுமார் 10 விநாடி, 10 மடங்கு ஓட்டத்துக்கு சுமார் 3 விநாடி. சின்ன தப்புக்குப் பொறுத்திருந்து பார்க்கும், பெரிய தப்புக்கு உடனே தண்டனை! நம்ம சென்னை பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட ரிலேக்கள் தயாராகி நாடு முழுக்கப் போயிருக்கின்றன.

புது ரிலேக்கள் குட்டிக் கம்ப்யூட்டர்கள். உள்ளே சுழலும் பாகமே கிடையாது. ஒரே பெட்டி பத்து ரிலேயின் வேலையைச் செய்யும். ஃபால்ட் எப்போ வந்தது, எவ்வளவு ஓட்டம் போனது என்று பதிவும் பண்ணி வைக்கும்.

பிரச்சினை எங்கே இருக்கிறது?

ஃபேன் கெட்டுப்போனா உடனே தெரியும், வேர்க்கும். பல்பு கெட்டுப்போனா உடனே தெரியும், இருட்டாகும். பழைய வகை ரிலே கெட்டுப்போனா? ஒண்ணுமே தெரியாது. நல்ல ரிலேயும் பேசாம இருக்கும், கெட்டுப்போன ரிலேயும் பேசாம இருக்கும். புது ரிலேக்கள் தன் உடம்பைத் தானே சோதிச்சுச் சொல்லும் என்றாலும், வெளியே வயர் கழன்றிருப்பதை எல்லா நேரமும் கண்டுபிடிச்சுச் சொல்லாது.

அப்போ எப்போதான் தெரியும்? அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ கழிச்சு, ஒரு நாள் கம்பி அறுந்து தெருவில் விழும்போது தெரியும். அன்னைக்கு அது வேலை செய்யலைன்னா அதன் விலை ஒரு உயிராக இருக்கலாம். பெட்டியைப் பிரிச்ச அன்னைக்குச் செஞ்ச அலட்சியம் இத்தனை வருஷம் கழிச்சு வெளியே வருது. இதனால்தான் ரிலேவைத் தொடுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஒழுங்கு வைச்சிருக்காங்க. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. பெட்டியைப் பிரிக்கும்போது

ரிலே வெளியிலிருந்து பார்க்க இரும்புப் பெட்டி மாதிரி உறுதியா இருக்கும். உள்ளே இருக்கிற சுருள்வில்லோ முடி மாதிரி மெல்லிசு. லாரியில் குலுங்கி வரும்போது அது அடிபடலாம். அதனால் வந்தவுடனே பார்க்க வேண்டியவை:

* அட்டைப் பெட்டி நசுங்கியிருக்கா? கண்ணாடி உடைஞ்சிருக்கா? இருந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்கணும்.
* பெயர்ப்பலகையில் உள்ள அளவுகள் நாம் கேட்டதுதானா? 1 ஆம்பியருக்கும் 5 ஆம்பியருக்கும் பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கும். டி.சி. வோல்ட்டேஜும் 30, 110, 220 என்று பலவிதம் உண்டு.
* பயணத்தில் ஆடாமல் இருக்க உள்ளே நூல், அட்டை, டேப் வைத்துக் கட்டியிருப்பார்கள். பொருத்தும்போது அதை மறக்காமல் எடுக்கணும். எடுக்காவிட்டால் ரிலே கை கால் கட்டின காவல்காரன்தான்!
* பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துடைத்த பிறகே திறக்கணும். இல்லைன்னா அந்தத் தூசி நேரா உள்ளே விழும்.
* தொடுமுனைகளை விரலால் தொடக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. உப்புத்தாளின் துகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு தொடுப்பைத் தடுக்கும்.

2. கைகுலுக்கினால் ரிலே பிழைக்கும்!

செய்து பாருங்கள்: காய்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். துணுக்குகள் தாவி ஒட்டிக்கொள்ளும். இது நிலைமின்னூட்டம். நாம் நடக்கும்போதும், நாற்காலியில் இருந்து எழுந்திருக்கும்போதும் நம் உடம்பிலேயும் இது சேருகிறது. பல ஆயிரம் வோல்ட் வரைக்கும் போகும்! மின்னூட்டத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் "சுருக்"கென்றுகூடத் தெரியாது. ஆனால் புது ரிலேக்குள் இருக்கிற சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான அடியிலேயே கெட்டுவிடும். நமக்கே தெரியாமல் நாம் அதைக் கொல்லலாம்.

இதில் மோசமானது எது தெரியுமா? அடி வாங்கிய சில்லு சில நேரம் உடனே சாகாது. அரைகுறை உயிரோட வேலை செய்யும். சோதனையிலும் பாஸ் ஆகிவிடும். சில மாதம் கழித்துத் திடீரென்று நிற்கும்.

அதனால் உள்ளிருக்கும் தட்டைத் தேவையில்லாமல் வெளியே இழுக்கக்கூடாது. இழுக்க வேண்டியிருந்தால் முதலில் எர்த் செய்த உலோகப் பெட்டியைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கணும். எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்வது இன்னும் நல்லது. தட்டை ஓரத்தில்தான் பிடிக்கணும். அதை இன்னொருவர் கையில் கொடுக்கும் முன் இருவரும் கைகுலுக்கிக்கொள்ளணும். மரியாதைக்காக இல்லீங்க! இருவர் உடம்பும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும் என்பதற்காக. எடுத்த தட்டைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் போடாமல் நிலைமின் தடுப்புப் பையில் வைக்கணும்.

3. குடோனில் வைக்கும்போது

ரிலே வாங்கின அன்றே மாட்டப்படுவதில்லை. கட்டடம் முடிய வேண்டும், பேனல் வர வேண்டும். மாதக்கணக்கில் குடோனில் கிடக்கும். நம்ம ஊரில் ரிலேக்கு மூன்று எதிரிகள்: ஈரம், தூசி, வெயில். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பல தயாரிப்பாளர்கள் சேமிப்புக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு என்று போடுகிறார்கள். "அவ்வளவு சூடு எங்கே வரப்போகுது?" என்று கேட்காதீங்க. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு ஒட்டின மேல் அடுக்கில் கையை வைத்தால் தெரியும்! அதனால் மேல் அடுக்கு வேண்டாம், தரையும் வேண்டாம். மழைத் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது தரையில் இருப்பதுதான். காய்ந்த, தூசியில்லாத அறையில், நடு அடுக்கில், வந்த அட்டைப் பெட்டியிலேயே வைக்கணும்.

பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். புது ஷூ வாங்கும்போதும் பார்த்திருப்பீங்க. அது சிலிகா ஜெல், ஈரத்தை உறிஞ்சும். திறந்து வெளியே போட்டு வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு அப்புறம் பயன்படாது. மெல்லச் சூடாக்கினால் ஈரம் வெளியேறி மறுபடியும் வேலைக்கு வந்துவிடும். பெரிய டிரான்ஸ்பார்மரின் பக்கத்தில் தொங்கும் கண்ணாடிக் குடுவையில் இருப்பதும் இதேதான். நீல நிறத்தில் இருந்தது இளஞ்சிவப்பானால் நிறைய ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். புது வகை ரிலேக்களின் மின் வழங்கிப் பகுதியில் மின்பகு கெப்பாசிட்டர்கள் உண்டு. வருஷக்கணக்கில் மின்சாரமே கொடுக்காமல் வைத்தால் அவை பலவீனமாகும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்து வைக்கச் சொல்லிப் பல கையேடுகள் அறிவுறுத்துகின்றன.

4. பேனலில் பொருத்தும்போது

சுழலும் தட்டு உள்ள ரிலே நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் தட்டு உராயும், கணக்கு தப்பும். அதிர்வு இருக்கிற இடம், நேர் வெயில் படுகிற இடம் கூடாது. நின்றபடியே அளவுகளைப் படிக்கும் உயரத்தில் இருக்கணும்.

பேனலில் துளை போடும் வேலையெல்லாம் முடிந்த பிறகே ரிலேவை வெளியே எடுக்கணும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ரிலேக்குள் ஒரு நிலைக்காந்தம் இருக்கு. துளையிடும்போது பறக்கும் இரும்புத்தூளை அது "வா வா"ன்னு கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். தட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் ஒரு இரும்புத் துணுக்கு போய் உட்கார்ந்தால் போதும், தட்டு நின்றுவிடும். புது ரிலேக்குள்ளும் இரும்புத்தூள் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

பெட்டியை எர்த் செய்வதுதான் முதல் இணைப்பாக இருக்கணும். பிறகு ஒவ்வொரு வயருக்கும் லக் அடித்து, எண் வளையம் போட்டு, திருகை இறுக்கி, ஒரு தடவை இழுத்துப் பார்க்கணும்.

5. உயிருக்கே ஆபத்தான இடம்

இந்தப் பகுதியை எங்கள் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். லைனில் ஓட்டம் இருக்கும்போது சி.டி.யின் இரண்டாம் சுற்றைத் திறந்து விடவே கூடாது.

காரணம் இதுதான். இரண்டாம் சுற்றில் ஓடும் மின்னோட்டம், முதல் சுற்றின் காந்தப் புலத்தை எதிர்த்துச் சமன் செய்துகொண்டே இருக்கிறது. வயரைக் கழற்றினால் அந்த எதிர்ப்பு போய்விடும். முதல் சுற்றின் மொத்த ஓட்டமும் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கப் பாயும். திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். சாதாரணமாக ஒன்றோ ஐந்தோ ஆம்பியர் ஓடும் அப்பாவி வயர்தானே என்று ஸ்குரூ டிரைவரை வைத்தவருக்கு அதுவே எமனாகிவிடும். சி.டி.யும் வெடிக்கலாம்.

அதனால் முதலில் சி.டி. முனைகளை ஷார்ட் செய்யணும், பிறகுதான் ரிலேவைக் கழற்றணும். இழுத்து எடுக்கும் வகை ரிலேக்களின் பெட்டியிலேயே இதற்குத் தானியங்கி ஏற்பாடு உண்டு. ஆனாலும் அது சரியா இருக்கான்னு சோதித்துத்தான் நம்பணும்.

பி.டி. எனப்படும் மின்னழுத்த டிரான்ஸ்பார்மருக்கு இது தலைகீழ். அதைத் திறந்து வைக்கலாம், ஷார்ட் செய்யக் கூடாது. மனப்பாடம் செய்ய ஒரு வரி:

சி.டி.யைத் திறக்காதே! பி.டி.யை ஷார்ட் பண்ணாதே!

6. சோதனையும் அளவு வைத்தலும்

பொருத்தியதோடு வேலை முடியாது. ஒரு சோதனைக் கருவி மூலம் ரிலேக்குப் பொய்யாக ஒரு ஃபால்ட் ஓட்டத்தைக் கொடுப்பார்கள். சரியான நேரத்தில் உத்தரவு போடுதா என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது பிரேக்கர் விழாமலிருக்க 'டிரிப் லிங்க்' என்ற இணைப்பைக் கழற்றி வைப்பார்கள். சோதனை முடிந்து அதைத் திரும்ப மாட்ட மறந்தால்? ரிலே கத்தும், பிரேக்கருக்குக் கேட்காது! கழற்றியதை எழுதி வைக்கணும், மாட்டியதை இன்னொருவர் சரிபார்க்கணும். கடைசியில் ரிலே மூலமாகவே பிரேக்கரை ஒரு தடவை விழ வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

அளவு வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகமே அறிந்த சம்பவம் உண்டு. 1965 நவம்பர் 9, மாலை 5.16 மணி. நயாகரா அருவிக்குப் பக்கத்தில், கனடாவின் சர் ஆடம் பெக் மின் நிலையத்தில் ஒரு ரிலே இயங்கி ஒரு லைனைத் துண்டித்தது. ஃபால்ட் எதுவும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் வைத்த அளவு அப்படியே இருந்தது, லைனில் போகும் சுமை மட்டும் வளர்ந்துவிட்டது. ஒரு லைனின் சுமை மற்ற லைன்களுக்குத் தாவ, அவையும் வரிசையாக விழுந்தன. சில நிமிடங்களில் நியூயார்க் உட்பட சுமார் 3 கோடிப் பேர் இருட்டில்! சில இடங்களில் கரண்ட் வர 13 மணி நேரம் ஆனது. ரிலே கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு மனிதர்கள் சொன்னதை அது சரியாகச் செய்தது.

நம் நாட்டிலும் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் பெரிய மின்தடை வந்தது. அதிலும் மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன், ஃபால்ட் இல்லாமலே அதிகச் சுமையால் ரிலே மூலம் விழுந்தது. 31-ஆம் தேதி பாதிக்கப்பட்ட மாநிலங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் 60 கோடிப் பேர். தமிழ்நாடு தப்பியது எப்படி? அப்போது தென்மண்டலம் டி.சி. இணைப்புகள் வழியாக மட்டுமே மற்ற மண்டலங்களோடு சேர்ந்திருந்தது. 2013 டிசம்பர் 31-இல்தான் ஏ.சி. லைனால் ஒரே கிரிட்டாக இணைந்தது.

--------------------------------
உங்களுக்குத் தெரியுமா?
மின்சாரம் இல்லாமலே பழுதை உணரும் ரிலேயும் உண்டு! ஜெர்மனியின் மாக்ஸ் புக்கோல்ஸ் 1921-இல் காப்புரிமை பெற்றது. டிரான்ஸ்பார்மர் தொட்டிக்கும் மேலே உள்ள எண்ணெய்க் கலனுக்கும் நடுவில் குழாயில் இருக்கும். உள்ளே பழுது வந்தால் எண்ணெயிலிருந்து வாயுக் குமிழ் கிளம்பும். அது ரிலேயில் சேர்ந்து மிதவையை இறக்கி அலாரம் அடிக்கும். பொருத்தும்போது அதன் மேலுள்ள அம்புக்குறி எண்ணெய்க் கலனைப் பார்த்து இருக்கணும். பயணத்துக்காக மிதவையைப் பூட்டி வைத்திருந்தால் பூட்டை எடுத்துவிடணும்.
--------------------------------

நமக்கு இதில் என்ன வேலை?

துணை மின் நிலையத்துக்குள் நாம் போகக்கூடாது, போகவும் முடியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன.

ஒன்று, நம் வீட்டில் ஒரு குட்டிக் காவல்காரன் இருக்கிறான். மெயின் போர்டில் 'டி' என்று எழுதின பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி. (பலர் இதை இ.எல்.சி.பி. என்று சொல்வார்கள்). நம் உடம்பு வழியாக மண்ணுக்கு மின்சாரம் கசிந்தால் கண்டுபிடித்துத் துண்டிப்பது இதுதான். உயிர் காக்கும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே விழுந்துவிடும். 60 வாட் குண்டு பல்புக்குப் போவதே சுமார் 260 மில்லி ஆம்பியர். 30 என்பது அதில் ஒன்பதில் ஒரு பங்குதான்! 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இவ்வளவு சின்ன கசிவு தெரியவே தெரியாது. அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற வந்ததில்லை.

இந்தக் காவல்காரனும் பேசமாட்டான். உயிரோடு இருக்கிறானா என்று நாம்தான் கேட்கணும். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி மாதம் ஒரு தடவை 'டி' பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். "டக்"னு விழுந்தால் நல்லது, மேலே தூக்கிவிடலாம். விழவில்லை என்றால் உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடணும். இது பெட்டியை மட்டும்தான் சோதிக்கும். வீட்டு எர்த் நல்லா இருக்கா என்பதைத் தனியாகப் பார்க்கணும்.

இரண்டு, தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி. "ரிலே விழுந்திருக்கும், கரண்ட் இருக்காது" என்று யாரும் நம்ப வேண்டாம். காய்ந்த மண்ணிலோ தார் ரோட்டிலோ விழுந்த கம்பியிலிருந்து மண்ணுக்குப் போகும் ஓட்டம் மிகக் குறைவாக இருக்கலாம். அப்போது நல்ல ரிலேக்கும் அது தெரியாமல் போகலாம். லைன் விழுந்திருந்தாலும் திரும்பச் சார்ஜ் செய்து பார்க்கலாம். ஆகவே 30 அடியாவது தள்ளி நின்று, மற்றவர்களையும் ஆடு மாடுகளையும் தடுத்து, மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

படித்தாச்சா? பதில் சொல்லுங்கள்!

1. மின்னோட்டம் 5 மடங்கானால் வெப்பம் எத்தனை மடங்கு?
2. ரிலேயின் தட்டைக் கைமாற்றும் முன் ஏன் கைகுலுக்க வேண்டும்?
3. துளை போட்ட பிறகே பழைய ரிலேவை வெளியே எடுப்பது ஏன்?
4. சி.டி., பி.டி. இரண்டில் எதைத் திறக்கக் கூடாது?
5. உங்கள் வீட்டு 'டி' பொத்தானைக் கடைசியாக அழுத்தியது எப்போது?

முதல் நான்குக்கும் விடை கட்டுரையிலேயே இருக்கு. ஐந்தாவதுக்கு இன்று சாயந்திரம் வீட்டில் கேட்டுவிட்டு வாங்க. 'டி' பொத்தான் வேலை செய்யாத வீடுகள் எத்தனை என்று வகுப்புவாரியாகக் கணக்கெடுத்து அடுத்த இதழில் போடுகிறோம்.



12-ஆம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு
(மின் இயந்திரங்களும் சாதனங்களும்)